பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் குழு: கல்லூரிக்குப் போக உண்மையில் உதவுமா, இன்னொரு பார்வர்டு குப்பையா?

வடசென்னை வாத்தி

எல்லோருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் ஒரு இரவுப் பாடசாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். சம்பளத்துக்கு இல்லை, பகலில் வேறு வேலை இருக்கிறது. எல்லோரும் பக்கத்திலிருக்கும் அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள். அநேகமாக யார் வீட்டிலும் கல்லூரிக்குப் போனவர்கள் கிடையாது.

மதிப்பெண்ணைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, அதைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு அப்புறம் நடப்பதுதான் வயிற்றெரிச்சல். போன வருடம் கட்ஆஃப் 170-ஐத் தாண்டிய ஒரு பையன், இன்ஜினியரிங் என்றாலே லட்சக்கணக்கில் செலவு என்று சித்தப்பா சொன்னதைக் கேட்டு கவுன்சலிங்குக்கு விண்ணப்பமே போடவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இன்னொரு பெண்ணுக்கு விலங்கியல் என்றால் உயிர், ஆனால் தோழி பி.காம் எடுத்தாள் என்று இவளும் பி.காம். இவர்களுக்குத் தெரிந்த கல்லூரிகள் இரண்டு வகைதான்: பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுபவை, டிவியில் விளம்பரம் வருபவை.

அதனால் பழைய மாணவர்கள், வேலையில் இருப்பவர்கள், இந்த வருடப் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு குழு ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறேன். பாடசாலையிலேயே இதற்கு எதிர்ப்பு இருக்கிறது. போனைக் கையில் கொடுத்தால் ரீல்ஸ்தான் பார்ப்பார்கள் என்கிறார் ஒருவர். பெண் பிள்ளைகளின் அம்மாக்கள், எங்கள் நம்பர் ஊரெல்லாம் போகும் என்று பயப்படுகிறார்கள், அது நியாயமான பயம்தான். யாராவது இப்படி நடத்தியிருந்தால், அல்லது இப்படி ஒரு குழுவால் மேலே வந்திருந்தால் சொல்லுங்கள். "நெட்வொர்க் முக்கியம்" என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம், என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

நாலாம் நம்பர்

அண்ணா, நான் கண்ணகி நகர். அரசுப் பள்ளி, 7.5-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி, இப்போது மூன்றாம் ஆண்டு. (பெயர்க் காரணம் கேட்காதீர்கள், கவுன்சலிங்கில் எங்கள் கல்லூரியின் குறியீட்டு எண் 4.)

என் கதையில் குழுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், குழுவில் இருந்த ஒரு அக்காதான் காரணம். எங்கள் பிளாக்குக்கு இரண்டு பிளாக் தள்ளி இருந்தவர், எனக்கு ஒரு வருடம் சீனியர். குழுவில் பிடிஎஃப் மலை மாதிரி குவிந்து கிடந்தது, ஒன்றையும் நான் திறந்ததில்லை. யாரும் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் சாய்ஸ் ஃபில்லிங் (வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் பட்டியல் போடுவது) அன்று ராத்திரி, கிடைக்காத காலேஜை மேலே போட்டால் கிடைக்க வேண்டியதும் போய்விடும் என்று பிரவுசிங் சென்டர்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் குழுவில் கேட்டேன். அக்காவிடமிருந்து உடனே ஒரு வாய்ஸ் நோட்: "டேய், மேல போட்டா ஒண்ணும் குறையாது. உனக்கு எது வேணுமோ அத முதல்ல போடு. மெஷின் மேலேர்ந்து பாத்துக்கிட்டே வரும், உன் ரேங்குக்கு எங்க சீட்டு இருக்கோ அங்க நிக்கும். எத்தன வேணா போடலாம், சோம்பேறித்தனப்படாத." பின்னணியில் குக்கர் விசில். அந்த ஒன்றுக்காகத்தான் எம்ஐடியை என் பட்டியலின் முதல் வரிசையில் போட்டேன், இல்லாவிட்டால் துரைப்பாக்கம் தாண்டி எங்காவது உட்கார்ந்திருப்பேன்.

அதே மாதிரி, தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் திரையில் ஐந்து பட்டன் வரும். அக்செப்ட் அண்ட் ஜாயின், அக்செப்ட் அண்ட் அப்வர்ட், டிக்ளைன் அண்ட் அப்வர்ட் என்று போகும். முதலாவதை அழுத்தினால் கிடைத்த இடத்தோடு கதை முடிந்தது. இரண்டாவதில், கிடைத்த இடமும் கையில் இருக்கும், மேலே போட்டிருந்த இடம் காலியானால் அதற்கும் போகலாம். முடிவெடுக்கக் கொடுக்கும் நேரம் கொஞ்சம்தான். வீட்டில் கேட்டால் "நீயே பாத்துக்கோப்பா" என்பார்கள். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் போனை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று: கல்லூரியைப் பெயரை வைத்துத் தேடாமல் குறியீட்டு எண்ணை வைத்துத் தேடச் சொல்லுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் நான்கைந்து இருக்கும், முன்னால் ஒரு ஸ்ரீ, பின்னால் ஒரு இன்ஸ்டிட்யூட், ஊர் வேறு, தரம் வேறு.

குழுவில் யாரைச் சேர்ப்பது என்று கேட்டால், போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் கவுன்சலிங் போனவர்கள் மட்டும் போதும் என்பேன். 2018-இலிருந்து எல்லாம் ஆன்லைன். அதற்கு முன்னால் போன அண்ணன்கள் இன்னும் "அண்ணா யுனிவர்சிட்டிக்குக் காலையில சீக்கிரம் போயிடு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், பாவம்.

சாக்பீஸ் டீச்சர்

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர், சென்னைதான், பள்ளி பெயர் வேண்டாம். எங்கள் பள்ளிக்கும் அதிகாரப்பூர்வமாக ஒரு குழு இருக்கிறது, அதில் சுற்றறிக்கை தவிர வேறு ஒன்றும் வருவதில்லை, நானே மியூட் செய்துதான் வைத்திருக்கிறேன். அதனால் உங்கள் சந்தேகம் புரிகிறது.

முதலில் ஒரு நடைமுறை விஷயம். நீங்கள் "பிள்ளைகளின் போன்" என்று நினைப்பது பாதி வீடுகளில் அப்பாவின் போன். அவர் வேலை முடிந்து ராத்திரி ஒன்பதுக்கு வந்தால்தான் பிள்ளை கைக்கு வரும். பகலெல்லாம் நாற்பது செய்தி போட்டால் அது அப்பாவின் குட் மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போகும். ஒரு நாளைக்கு ஒரே செய்தி, ராத்திரி ஒன்பதரைக்கு, ஒரே ஒரு வேலை சொல்லி: "நாளைக்கு இ-சேவையில் வருமானச் சான்றுக்குப் போடு." அவ்வளவு போதும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் அம்மாக்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், வாதாட வேண்டாம். அறிவிப்புகளுக்கு வாட்ஸ்அப் சேனல் வைத்தால் பின்தொடர்பவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. கேள்வி கேட்க மட்டும் ஒரு பெண் தன்னார்வலர், முடிந்தால் அதே பாடசாலையில் படித்துக் கல்லூரிக்குப் போனவர், அவருடைய எண்ணை அம்மாக்களிடமே கொடுத்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அம்மாவே போன் செய்து "என் பொண்ணுக்கு ஒரு சந்தேகமாம்" என்று ஆரம்பித்து, கடைசியில் தன்னுடைய சந்தேகங்களைத்தான் கேட்பார். விடுதி பாதுகாப்பா, எத்தனை மணிக்குள் வர வேண்டும், அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் பணம் நிஜமாகவே வருமா. இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல்தான் நிறைய பெண்கள் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள், கட்ஆஃப் குறைந்ததால் இல்லை.

அப்புறம் ஓடிபி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் ஒவ்வொரு மே மாதமும் இதே கூத்து. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது பிள்ளையிடம் போன் இருக்காது, அதனால் கடைக்காரர் தன் எண்ணையே கொடுத்துவிடுவார், மின்னஞ்சலும் அவரே உருவாக்கியது, பாஸ்வேர்டு அவர் நோட்டில். அடுத்த கட்டத்துக்கு உள்ளே நுழைய வேண்டுமென்றால் ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவர் ஊருக்குப் போயிருப்பார். ஆகவே ஜனவரியிலேயே எல்லோருக்கும் சொந்தமாக ஒரு மின்னஞ்சல், ரீசார்ஜ் தீர்ந்து எண் கைமாறிப் போகாத ஒரு சிம், இரண்டையும் உறுதி செய்துவிடுங்கள். கூடவே ஆதாரில் இருக்கும் பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள், இனிஷியல் முன்னால் பின்னால் இருந்தாலே அலைச்சல்தான். முதல் பட்டதாரிச் சான்றுக்கு அண்ணன் அக்கா யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அதைப் பற்றி உறுதிமொழி கொடுக்க வேண்டும், கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது. 7.5-க்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நடுவில் இரண்டு வருடம் உதவி பெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது, கவுன்சலிங் அன்று தெரிந்தால் நொறுங்கிப்போவார்கள்.

கடைசியாக, குழுவுக்கு லிங்க் வைத்து யாரும் சேரலாம் என்று விட்டுவிடாதீர்கள். தேர்வு முடிவு வந்த மறுநாளே "சார் அட்மிஷன் கைடன்ஸ்" என்று ஏஜெண்டுகள் நுழைவார்கள். கவுன்சலிங்கே தேவையில்லை, இன்றைக்கே முன்பணம் கட்டினால் லேப்டாப் இலவசம் என்பார்கள். எங்கள் பிள்ளை ஒருத்தியின் அசல் சான்றிதழ்களை ஒரு கல்லூரி ஆள் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராமல் இழுத்தடித்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

உள்ளதைச் சொல்வேன்

இவ்வளவு ஊட்டிவிட வேண்டுமா? படிக்கிற பிள்ளை தெருவிளக்கில் படித்தாவது மேலே வந்துவிடும். எங்கள் காலத்தில் எந்த குரூப்பும் இல்லை.

நாலாம் நம்பர்

சார், தெருவிளக்கில் படித்தவர் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எது என்பதையும் தெருவிளக்கிடமா கேட்டார்? உங்கள் காலத்திலும் குரூப் இருந்தது, மாமா, பெரியப்பா, அப்பாவின் ஆபீஸ் நண்பர் என்று அதற்குப் பெயர். எங்களுக்கு அது இல்லை.

பொன்னேரி கெண்டை

இந்த இழையைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் காசிமேடு, அப்பா போட்டில் போகிறவர். பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் பி.எப்.எஸ்சி (மீன்வள அறிவியல் பட்டம்) படிக்கிறேன். நாகப்பட்டினத்தில் இருக்கும் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி. காசிமேட்டிலிருந்து பார்த்தால் ஒரு ரயில் தூரம், ஆனால் எங்கள் தெருவில் கேளுங்கள், பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் இருக்கின்றன, நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆனால் இன்ஜினியரிங் கவுன்சலிங்கிலும் வராது, அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்திலும் வராது, அதற்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். எனக்கு இதைச் சொன்னது எங்கள் தெரு ஆளே இல்லை. ஒரு பேஸ்புக் பக்கத்தில் வலை பின்னுவது பற்றிக் கமெண்ட் போட்டுக்கொண்டிருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், நீ பயாலஜி குரூப்பா என்று கேட்டு உள்பெட்டிக்கு வந்து சொன்னார். இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

அதனால் நாலாம் நம்பர் தம்பி சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. ஏரியா சீனியர் மட்டும் இருந்தால், ஏரியா சீனியர் போன கல்லூரிக்குத்தான் எல்லோரும் போவார்கள். எங்கள் ஏரியாவில் ஒரு அண்ணன் மெக்கானிக்கல் எடுத்தார், அதற்கப்புறம் தெருவே மெக்கானிக்கல்.

ஓஎம்ஆர் பஸ்

மேலே சொன்னது ரொம்பச் சரி, இதைச் சமூகவியலில் ரொம்ப நாளாகவே பேசிக்கொண்டிருக்கிறார்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். நெருங்கிய ஆட்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், புதுச் செய்தி வருவது அரைகுறைப் பழக்கமுள்ளவர்களிடமிருந்துதான் என்பது அதன் சாரம். அவர் பார்த்தது வேலை தேடுபவர்களை, ஆனால் தூத்துக்குடிக்காரர் கதையும் அதேதான்.

கல்லூரி விஷயத்திலேயே நேரடியாக ஒரு ஆய்வு உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியானது. சமூக ஊடகத்தில் கல்லூரி பற்றித் தகவல் தேடிய முதல் தலைமுறை மாணவர்களுக்கு, விண்ணப்பிக்கும் வேலையைத் தங்களால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை அதிகமாக இருந்தது. பெற்றோர் படித்திருந்த பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அவர்களுக்குத்தான் சாப்பாட்டு மேசையிலேயே பதில் கிடைத்துவிடுகிறதே. தொடர்பு இருக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம், ஊடகத்தால்தான் நம்பிக்கை வந்தது என்று நிரூபணம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2022-இல் பொருளாதார நிபுணர் ராஜ் செட்டியின் குழு அமெரிக்காவில் 7 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பேஸ்புக் நட்புகளை வைத்துப் பார்த்தபோது, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வசதியான வீட்டு நண்பர்கள் அதிகம் உள்ள ஊர்களில் அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானதும் கூடுதலாகச் சம்பாதிப்பது தெரிந்தது. ஆனால் ஒரே வளாகத்தில் இருந்தாலும் தங்களுக்குள்ளேயே பழகிக்கொள்ளும் குணம், ஏழை வீட்டாருக்கும் வசதியான வீட்டாருக்கும் இடையே நட்பு குறைவாக இருப்பதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம். நம் ஊர் கல்லூரி கேண்டீனில் உட்கார்ந்து பார்த்தாலே இது புரியும், அதற்குப் பேஸ்புக் தரவு வேண்டாம்.

எனவே வாத்தி சார், ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு வெளியாளைப் பிடித்து வையுங்கள், குழுவில் அல்ல, உங்கள் போனில். கிண்டி சிப்பெட்டில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்தவர் ஒருவர், தரமணி ஹோட்டல் மேலாண்மை நிறுவனம் ஒருவர், எழும்பூர் கவின்கலைக் கல்லூரி ஒருவர் (1850-இல் ஆரம்பித்த இடம், புளியந்தோப்பில் நன்றாக வரையும் எத்தனை பிள்ளைகளுக்கு அங்கே பட்டப்படிப்பு இருப்பது தெரியும்?), சட்டம் ஒருவர். சென்னை ஐஐடியின் ஆன்லைன் பி.எஸ் பட்டம் 2020-இல் ஆரம்பித்தது, ஜேஇஇ வேண்டாம், அவர்களே நடத்தும் தகுதித் தேர்வு போதும், வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகை உண்டு. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். பிள்ளை ஒன்று கேட்டால் அந்த ஆளோடு நீங்கள் இணைத்து விடுங்கள். எங்களைப் போன்ற ஐடி ஆட்களை மொத்தமாகக் குழுவில் சேர்த்தால் மோட்டிவேஷன் கோட்ஸ் போட்டே கொன்றுவிடுவோம்.

வடசென்னை வாத்தி

எல்லோருக்கும் நன்றி, நிஜமாகவே எதிர்பார்க்கவில்லை. சேனல் ஒன்று, கேள்விக்கு ஒரு அக்கா, வெளியாட்கள் என் போனில், இது வரை பிடிபட்டுவிட்டது. மின்னஞ்சல், சிம் வேலையை இந்த வாரமே ஆரம்பிக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். இடம் கிடைத்து, கட்டணமும் இல்லை என்றாகி, அப்புறமும் சேராமல் போகிறவர்கள் இருக்கிறார்களே? சேர்ந்து இரண்டாவது மாதம் நின்றுவிடுகிறவர்களும். அதற்குக் குழு ஏதாவது செய்ய முடியுமா, இல்லை அது வேறு கதையா?

நாலாம் நம்பர்

அண்ணா, சேனலை அட்மிஷனோடு மூடாதீர்கள், முதல் செமஸ்டர் முடியும்வரை வைத்திருங்கள். தமிழ் மீடியத்திலிருந்து போனவனுக்கு முதல் மாதம் வகுப்பில் ஒன்றும் புரியாது. புரியாதது தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வான். எனக்கு முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வந்தபோது அதே அக்கா தன் மார்க்‌ஷீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார், அவருக்கும் அதே பேப்பரில் அரியர். சிரித்துவிட்டேன். அதற்கப்புறம்தான் தைரியம் வந்தது.

சாக்பீஸ் டீச்சர்

சேராமல் போவதற்குப் பெரும்பாலும் சின்னத் தொகைதான் காரணம். கட்டணம் இல்லை என்றாலும் பஸ், இரண்டு செட் நல்ல துணி, லேப் கோட், ரெக்கார்டு நோட்டு எல்லாம் ஒரே வாரத்தில் வரும். உதவித்தொகையோ மாதக் கணக்கில் தாமதமாகும், அதுவும் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருந்தால்தான் வரும். கணக்கை ஏப்ரலிலேயே திறக்க வையுங்கள். அந்த முதல் வாரச் செலவை ஓஎம்ஆர் பஸ் போன்றவர்களிடம் கேளுங்கள், கோட்ஸ் போடுவதற்குப் பதில் அதைப் போடட்டும்.

ஓஎம்ஆர் பஸ்

கேளுங்கள் சார், போடுகிறோம். உள்பெட்டியில் எண் அனுப்பியிருக்கிறேன்.

வடசென்னை வாத்தி

பார்த்தேன், நன்றி. பொன்னேரி தம்பி, உங்களை ஒரு நாள் பாடசாலைக்கு வரவழைக்க முடியுமா? காசிமேட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள், அதில் நான்கு பேர் பயாலஜி.

பொன்னேரி கெண்டை

வருகிறேன் அண்ணா. செமஸ்டர் முடியட்டும், அடுத்த மாதம் முதல் ஞாயிறு. அப்பாக்களையும் வரச் சொல்லுங்கள், அவர்களிடம் நானே பேசுகிறேன். ஞாயிறு காலை வேண்டாம், ஏலம் இருக்கும், வர மாட்டார்கள். சாயங்காலம் வையுங்கள்.